அண்ணிக்குக் கொடுத்த பழ உருண்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை. எழுத உட்கார்ந்தால் என் தப்பை எழுத வேண்டும், அதை என் கணவரும் படிப்பார். அந்தப் பயம்தான். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. மூடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். சாயங்காலம் விளக்கேற்றினால் சுடர் அந்த மூடியில் விழுந்து ஆடும். அப்போதெல்லாம், "இன்னாடி, இன்னும் சொல்லலியா நீ?" என்று அண்ணியே கேட்பது போல இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு சுலோகத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கோவில்பதாகையில் எங்கள் வீடு அவர்கள் அப்பா காலத்து வீடு. சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் மனையாகிப் போனபிறகும் வீட்டை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். அண்ணிக்குக் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷன் தவறிவிட்டார், பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கும் வேலைக்குப் போய், தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். நான் வெள்ளானூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது எனக்கு மாமியார் கிடையாது. அண்ணிதான் மாமியாருக்கு மாமியார். முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்த கை. நான் வைத்த குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "துன்றாப்ல கீது" என்பார். அதுதான் அவர் வாயிலிருந்து வருகிற அதிகபட்சப் பாராட்டு. கொஞ்சம் சரியில்லை என்றால், "ஏண்டி, உங்க வெள்ளானூர்ல புளிய எண்ணிக்கினா போடுவாங்கோ?" என்று ஒன்று வரும். நான் அடுப்படியைத் துடைப்பேன். இப்படியே இருபத்து மூன்று வருடம் ஓடியது. சண்டை என்று ஒன்றும் இல்லை. சிரிப்பும் இல்லை.

அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்ததுதான் அந்தச் சம்படம். அதில் தன் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டு வைத்துக்கொண்டார். ஒன்பது வருடமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்றால் உயிர் அவருக்கு. பால்கோவாவைக் கண்டால் குழந்தை போல ஆகிவிடுவார். ஆனால் டாக்டர் வேண்டாம் என்ற நாளிலிருந்து ஒரு வாய் தொட்டதில்லை. டீயைக் கூடச் சர்க்கரை இல்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். அந்த வருடம் என் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பத்தடிக்கு அந்தப்பக்கம் நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. என் மகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர். "அது கய்த்துல தாலி ஏர்றத நான் பாக்கணும்டா, அத்த வுட எனுக்கு வேற இன்னா கீது" என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லி, ஐப்பசியில் கண் ஆபரேஷனுக்கு நாள் வாங்க வைத்தார். வீட்டில் எல்லோருக்கும் அந்த நாள் ஒன்றுதான் குறி.

எங்கள் மாடியில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். ஆவணி மாதம் ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது, ஒரு கிண்ணத்தில் கரும்பழுப்பாக உருண்டைகளை வைத்துக்கொண்டு, "சாப்புட்டுப் பாருங்கக்கா, அடுப்பே பத்த வைக்கலீங்க" என்றாள். வாயில் போட்டதும் பேரீச்சம்பழம், அத்திப்பழம், தேங்காய், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. எப்படிச் செய்வது என்று கேட்டேன். விதை எடுத்த பேரீச்சம்பழம் கால் கிலோ, காய்ந்த அத்திப்பழம் பத்து, உலர் திராட்சை ஒரு கைப்பிடி, பாதாமும் முந்திரியும் சேர்த்து ஒரு கைப்பிடி, இரண்டு கரண்டி பொட்டுக்கடலை, ஏலக்காய் நான்கு. பருப்பையும் பொட்டுக்கடலையையும் ஏலக்காயையும் முதலில் கரகரப்பாகப் பொடித்து எடுத்துவிட வேண்டும். பழங்களைத் தனியாக, மிக்ஸியை ஒரேயடியாக ஓட்டாமல் விட்டு விட்டுத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பிளேடில் சுற்றிக்கொண்டு மிக்ஸி முனக ஆரம்பித்துவிடும். அத்திப்பழம் கல் போல இருந்தால் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுத் துணியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, கையில் ஒரு சொட்டு நெய் தடவி, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, கொப்பரைத் துருவலில் புரட்டினால் ஆயிற்று. சர்க்கரை வேண்டாம், வெல்லமும் வேண்டாம். கீழே ஓடிவந்து, தினசரி காலண்டரில் கிழித்து வைத்திருந்த தாளின் பின்பக்கத்தில் அத்தனையும் எழுதிக்கொண்டேன். கிழித்த தேதித்தாள்களை நான் குப்பையில் போடுவதில்லை. முன்பக்கம் சாமி படம் இருக்கிறது, எப்படிப் போட மனசு வரும்? கொத்தாகக் கட்டி ஆணியில் மாட்டி வைத்திருப்பேன், எதையாவது குறித்துக்கொள்ள உதவும். தாள் சின்னது. கொப்பரைத் துருவல் என்று எழுதி முடிக்கும்போது இடம் தீர்ந்துவிட்டது. அந்தப் பெண் கடைசியாக ஒன்று சொன்னாள். அதை நான் எழுதவில்லை. சர்க்கரை இல்லை என்ற ஒரு சொல் மட்டும் என் மனதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது வருடமாக இனிப்பில்லாமல் இருக்கிறாரே அண்ணி!

புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. முதல் சனிக்கிழமை திருநின்றவூர் கோயிலுக்குப் போய்த் தாயாரையும் பெருமாளையும் சேவித்துவிட்டு வந்து, வீட்டில் பெருமாளுக்குத் தளிகைப் படையல் போட்டு, கூடவே பதினொரு பழ உருண்டை செய்து வைத்தேன். சாமிக்கு வைக்கும் முன் நான் எதையும் ருசி பார்க்க மாட்டேன். கற்பூரம் காட்டிவிட்டு, பயந்துகொண்டே அண்ணியின் கையில் ஒன்றை வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாடி இது, ஆட்டுப் புழுக்கையாட்டம் கீது? இத்தப் போயி பெருமாளுக்கு வச்சிக்கீறியே, அவரு கோச்சிக்க மாட்டாரு?"

"சர்க்கரையே இல்ல அண்ணி. எல்லாம் பழம்தான். அடுப்புல கூட வைக்கல."

"அடுப்பு பத்த வைக்காம ஒரு பலகாரமா! சோம்பேறிப் பலகாரம்னு சொல்லு" என்றபடி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். மெல்லுவது மெதுவானது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "நல்லாக்கீதுடி" என்றார்.

இருபத்து மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டேன். அன்றைக்கே அண்ணி சம்படத்திலிருந்த மாத்திரைகளை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, மிச்ச உருண்டைகளை அதில் போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டார். "என் கருவாட்டப் புடுங்கிக்கினு பெருமாளு இத்தக் குடுத்துக்கீறாரு, வுட முடியுமா" என்றார். என் கணவர் கூட அதைக் கேட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மட்டும் என்றிருந்தது தினமும் ஆனது. ஆவடி மார்க்கெட்டில் பேரீச்சம்பழம் வாங்கி வந்து, காலையில் குளித்ததும் உருட்டி, சாமிக்குக் காட்டி, சம்படத்தை நிரப்பி அண்ணியின் பக்கத்தில் வைப்பேன். நாலு, ஐந்து, சில நாள் ஆறு. எங்கள் பக்கத்தில் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், எத்தனை என்று எண்ணவும் மாட்டோம். பெருமாளுக்குக் காட்டியது உடம்பை என்ன செய்துவிடும்? நான் மனதார அப்படித்தான் நம்பினேன். பெருமை தாங்காமல் பஜனைக்கு வரும் பெண்களுக்கும், வெள்ளானூரில் என் தங்கைக்கும், தெரிந்தவர்களுக்கும் போனில் செய்முறையைச் சொன்னேன். "சுகர் இருக்கறவங்க கூட தாராளமா துன்னலாம், எங்க அண்ணியே துன்றாங்கோ" என்று வேறு சொன்னேன். அந்த மாதம் அண்ணி அடிக்கடி தண்ணீர் கேட்டார். மத்தியானம் அசந்து தூங்கினார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வேலையில் மூழ்கியிருந்த வீடு, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஆபரேஷன் நாளுக்கு முந்தின நாள் சோதனைக்காக ஆவடியிலிருந்து ரயிலேறிப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். முந்நூறைத் தாண்டி நின்றது சர்க்கரை. "இந்த சுகரோட கண்ணுல கை வைக்க முடியாதும்மா, புண் ஆறாது. முதல்ல இதைக் குறைச்சுட்டு வாங்க. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, இப்ப சொல்ல முடியாது" என்றார். தையில் கல்யாணம். அண்ணியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. உருண்டையில் சர்க்கரையே இல்லை என்றுதான் என் கணவரும் நம்பியிருந்தார். அவருக்குக் கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது.

"அக்கா, இன்னா துன்ன நீ? மரியாதயா சொல்லு. மாத்திர போட்டியா இல்லியா?"

டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார். வீட்டில் சமைப்பது நான்தானே. உருண்டை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"ஜாங்கிரி துன்னேன்டா. பஸ் ஸ்டாண்டாண்ட கடையில. உனுக்குத் தெரியாம வாங்கி வாங்கித் துன்னேன். இப்ப இன்னான்ற?"

அந்த வராந்தாவில், அத்தனை ஜனங்களுக்கு நடுவே, தன்னை வளர்த்த அக்காவை என் கணவர் திட்டிய திட்டை நான் இங்கே எழுத மாட்டேன். அண்ணி சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்குப் பதில் கொடுக்காமல் அவர் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது என் கணவர் பொதுப் பெட்டியில் ஏறிக்கொண்டார். நானும் அண்ணியும் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் எதிரெதிராக உட்கார்ந்தோம். அம்பத்தூர் தாண்டியது. பிறகு எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் அண்ணி பொய் சொன்னீங்க? நான்தானே தினமும் செஞ்சு குடுத்தேன். அவருகிட்ட நான் சொல்லிடறேன்."

"வாய மூடு. நாலு பேரு கேக்குறாங்கோ." குரலைத் தாழ்த்தினார். "என்னியத் திட்டுனா ஊட்டுக்குப் போயி நான் அவனுக்கு நாலு வுடுவேன். உன்னியத் திட்டுனா நீ மூலைல குந்திக்கினு அழுவ. கல்யாண ஊட்ல எதுடி தேவலாம்?"

"அது இனிப்பாத்தானே இருந்துச்சு. உங்களுக்குத் தெரியலையா?"

"தோ பார்றா. முப்பது வருசம் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவ நானு. பேரீச்சம்பழம் இனிப்புன்னு நீ எனுக்குச் சொல்லித் தரியா?"

"அப்புறம் ஏன் அண்ணி துன்னீங்க?"

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும், வெறும் வெளிச்சம்தான். "நல்லாக்கீதுன்னு சொன்னனே அன்னிக்கு, நீ மூஞ்சத் திருப்பிக்கினு சிரிச்ச. கண்ணு மங்கல்தான், ஆனா அது தெரிஞ்சிது. இத்தினி வருசத்துல எங்கிட்ட நீ சிரிச்சதே இல்லடி. வேணான்னுட்டா அதுவும் பூடுமேன்னு வாங்கி வாங்கித் துன்னுக்கினு கெடந்தேன். ஆசையும்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன்." திருமுல்லைவாயில் வந்து போயிற்று. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அண்ணி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "நான் கீற வரிக்கும் இத்த அவன்கிட்ட வாயத் தொறக்காத. பெருமாள் மேல ஆணை" என்றார். நான் தலையசைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "அக்கா, வெல்லம் போடலைன்னாலும் பழத்துலயே இனிப்பு இருக்குதுங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், சுகர் இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத் தொடணும்னு சொன்னேனுங்களே!" என்றாள். சொன்னாள்தான். அடுப்படி ஆணியிலிருந்து அந்தத் தாளை உருவிப் பார்த்தேன். கொப்பரைத் துருவலோடு நின்றிருந்தது. ஓரத்தில் இருந்த ஒரு விரல் அகல இடத்தில், தாளைத் திருப்பி, குறுக்காக எழுதினேன்: ஒரு நாளைக்கு ஒன்று. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அன்றிலிருந்து உருண்டை நின்றது. மாத்திரைகள் சம்படத்துக்குத் திரும்பின. ஆவடி டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றி, கேழ்வரகும் கீரையுமாக அண்ணியின் வாயை நான் கட்டினேன். காலையில் ஏரிக்கரை வரைக்கும் கைபிடித்து நடத்திக்கொண்டு போவேன். "ஜெயிலர் வந்துக்கீறா" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். நான் சிரிப்பேன். அந்த இரண்டு மாதமும் நான் தினமும் பெருமாளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மார்கழி முதல் வாரத்தில் சர்க்கரை இறங்கி, முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்ததும் அண்ணி என்னையே உற்றுப் பார்த்தார். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். "ஏண்டி, இவ்ளோ நரை வுட்டுக்கினு கீற? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" என்றார். தையில் என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை, முதல் வரிசையில் உட்கார்ந்து, அந்த ஒரு கண்ணால் பார்த்தார். அன்றைக்கு யாரோ மைசூர்பாகை நீட்டினார்கள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையசைத்தார்.

பிறகு டாக்டரைக் கேட்டோம். எப்போதாவது பாதி உருண்டை என்றால், அன்றைக்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரே ஒரு உருண்டை செய்வேன். சாமிக்குக் காட்டி, அண்ணியே விரலால் இரண்டாகப் பிட்டு, பெரிய பாதி எது என்று என்னோடு சண்டை போட்டு, சின்னதை எடுத்துக்கொள்வார். நாலு வருடம் இப்படி நடந்தது. போன வருடத்துக்கு முந்தின மார்கழியில், நாலு நாள் காய்ச்சலில், விடியற்காலைக் கோலம் போட்டு நான் உள்ளே வந்தபோது, அமைதியாகப் போய்ச் சேர்ந்திருந்தார். சம்படத்திலிருந்த மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதைக் கழுவித் துடைத்துப் பூஜை அலமாரியில் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் ஒரு உருண்டை செய்கிறேன். பாதியை நான் சாப்பிடுவேன். பாதி சம்படத்தில் சாயங்காலம் வரை இருக்கும். விளக்கேற்றிய பிறகு அதையும் நானே எடுத்துக்கொள்வேன்.

அண்ணி வாங்கிய ஆணை அவர் இருக்கும்வரைதான். அவர் போனபிறகும் இரண்டு வருடம் நான் வாய் திறக்கவில்லை. அது என் கோழைத்தனம். போன வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே என் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"அக்கா ஜாங்கிரி துன்னு நான் பாத்ததில்ல. பல்லுல ஒட்டும்னு தொடாது. அன்னிக்கே எனுக்கு ஒரு மாதிரிதான் கீந்துச்சு. அது சொல்லாதத நான் எதுக்குக் கேக்கணும்னு வுட்டுட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததாக ஒன்று கேட்டார். "அது சரி, தாராளமா துன்னலாம்னு ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னியே. அவங்கள்ல எத்தினி பேருக்குச் சுகரு? அவங்களுக்குத் திரும்பச் சொன்னியா?"

என் தங்கைக்குச் சொன்னேன். பஜனையில் ஒருவருக்குச் சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் கதை இவர் காதுக்கு வரும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் யார் யாருக்குச் சொன்னார்களோ, அது எங்கெங்கே போயிற்றோ, பெருமாளுக்குத்தான் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து என் கணவர் எழுந்தார். சம்படத்தைத் திறந்து, அண்ணியின் பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பேனாவையும் நோட்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அதனால்தான் எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் இந்த உருண்டையைச் செய்து பாருங்கள், நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதில் கொடுக்கலாம். ஆனால் நாலு பேருக்குச் சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போட்டால் பரவாயில்லை, அத்திப்பழம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஓரத்தில் குறுக்காக எழுதிய அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தாளில் இடமில்லை என்றால் அதை முதலில் எழுதுங்கள். என் தப்பையும் சேர்த்தே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு உருண்டைக்குத்தான். சம்படத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.